சந்தோஷமாக இருப்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது

என் அன்புக்குரிய நிஸாட உம்மாவுக்கு,

நீ அடங்கியிருக்கும் கபுறை அல்லாஹ் விசாலமாக்கி வைக்கட்டும். நான் மறுமணம் முடிக்கப்போகும் செய்தியை உன் கபுறடியில் வந்து சொல்லியிருந்தேன். சொன்னதில் ஒரு பொய் கலந்துவிட்டது. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

சோற்றுக்காகத்தான் முடிக்கிறேன், வேறொன்றுக்குமில்லை என்றேன் அல்லவா? ஊரிலும் அதையே சொல்லித் திரிந்தேன். நம் மகள் நிஸாதான் விடவில்லை. “வாப்பா, நீங்க தனியக் கிடந்து தேயிறத்த எனக்குப் பாக்க ஏலா. முடிங்க வாப்பா” என்று அழுதாள்.

கல்முனை வீடு உன் சீதன வீடு, இப்போது நிஸாவுக்கு. நம் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போக வேண்டும்? இந்த வயதில் ஒரு சூட்கேஸோடு அக்கரைப்பற்று பஸ் ஏறினேன். சந்தியில் இறங்கியபோது தெரிந்த நெல் வியாபாரி ஒருவர், “என்ன காக்கா, புது மாப்பிள்ள மாதிரி அத்தர் மணக்குது?” என்றார். தலையை நிமிர்த்தாமல் நடந்தேன்.

நான் முடித்த ஹாஜறாவும் கணவனை இழந்தவள். அவள் சமையலைப் பற்றி என்ன சொல்ல? அவள் மீன் ஆணம் உன் ஆணத்துக்குக் கிட்டவும் நிற்காது. சோற்றுக்காக முடித்தவன் என்றால் அடுத்த கிழமையே திரும்பி பஸ் ஏறியிருப்பேன். ஏன் ஏறவில்லை? அதைச் சொல்லத்தான் நா எழவில்லை. நான் சந்தோஷமாக இருக்கிறேன். அவள் கதைத்தால் வாய் ஓயாது, நான் சிரிக்கிறேன். படுத்தால் நித்திரை வருகிறது.

உன்னோடு இருந்தபோது நான் எங்கே சிரித்தேன்? நாவிதன்வெளி வயலுக்குத் தண்ணீர் வருமா, நெல் விலை போகுமா என்று கடுகடுத்த முகத்தோடுதான் வீட்டுக்கு வருவேன். நீயும் அந்த முகத்தைச் சமாளித்து, பிள்ளையை வளர்த்து, மௌத்தாகிப் போனாய். வயலைக் குத்தகைக்கு விட்டு ஓய்ந்த மனிதன் இவளுக்குக் கிடைத்திருக்கிறான். பாடுபட்டவள் ஒருத்தி, பலன் இன்னொருத்திக்கா? இதை நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

போன வியாழக்கிழமை அந்தச் சிரிப்பு நிற்கவேயில்லை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு உனக்கு யாசீன் ஓதும் நேரம். பக்கத்து வீட்டு மருமகன் ஆட்டுக்குப் பயந்து மதிலில் ஏறிய கதையை அவள் சொல்ல, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தேன். இஷா பாங்கு கேட்ட பிறகுதான் நினைவு வந்தது. உன்னை மறந்திருந்தேன்.

ஓடிப்போய் கைகால் கழுவி வுழு செய்து வந்தால், எனக்கு முன்னே அவள் குர்ஆனை விரித்து ஓதிக்கொண்டிருந்தாள்.

“என்ன ஓதுறாய்?”

“ராத்தாக்கு யாசீன். என்ட கதையாலதானே ஒங்களுக்கு மறந்த. நான் ஒவ்வொரு வியாழனும் ஓதுறதான், ஒங்களுக்குத் தெரியா. அவ பாத்துப் பாத்து வெச்ச மனிசனத்தானே அல்லாஹ் எனக்குத் தந்திரிக்கான்.”

உன்னை ஒருநாளும் காணாதவள் அவள், ராத்தா என்று அக்கா முறை வைத்துச் சொல்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஓதினேன். எழுத்து சரியாகத் தெரியவில்லை.

இந்த வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் மையவாடிக்கு, உன் கபுறடிக்கு வருவேன். ஹாஜறா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள். அதை முதலில் சொல்லிவிடுவேன், இது உறுதி. என் ஸலாமைச் சொல்ல எனக்கு முகம் வேண்டுமே.

இப்போதும்,
நிஸாட வாப்பா