உம்ம ரேம் கெடவில்லை

இன்று காலை கம்ப்யூட்டரிலிருந்து உம்ம ரேம் இரண்டையும் கழற்றி, தங்க நிற விளிம்பை ரப்பரால் தேய்த்தேன். முத்தையாபுரத்துக் காற்றில் உப்பு அதிகம். அவ்வப்போது தேய்க்காவிட்டால் கறுத்துவிடும். சாதாரணப் பென்சில் ரப்பர்தான். அந்த வாசனை வந்ததும் உமக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நேரில் சொல்லியிருக்க வேண்டியது. அதற்கு நீர் இருந்திருக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு நமக்கு என்ன வேலை? துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைக் கரையில் நின்று வீடியோ எடுப்பது, என் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதை வெட்டி ஒட்டுவது. நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். கம்ப்யூட்டரை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நானே படித்தது. நீரோ அங்கேயே மின்சாரப் பிரிவு. டிப்ளமோ படித்தவர் என்பதை ஒருநாளும் என்னை மறக்கவிட்டதில்லை.

கம்ப்யூட்டரின் மூளையான பழைய பிராசசர் திணறத் தொடங்கியது. கம்ப்யூட்டர் கடைக்காரர் மதர்போர்டு, ரேம் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். நான் மறுத்தேன். அதே போர்டில் உட்காரும் புது பிராசசர் இருக்கும்போது நல்ல ரேமை ஏன் தூக்கிப் போட வேண்டும்? உம்ம கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி எனக்குக் கொடுத்த ரேம் அது. அந்த ஒரு விஷயத்தில் நீர் என் பக்கம் நின்றீர். ஆனால் சும்மா நிற்கவில்லை.

“ஏவே, பழைய பிராசசர் இருக்கும்போதே போர்டுல இருக்கிற பயாஸ் புரோகிராமை அப்டேட் பண்ணும். இல்லன்னா புதுசு யாருன்னு அந்த போர்டுக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியும்வே.”

“உமக்குத் தெரியாதது எதுவே இருக்கு?” என்று சிரித்தீர்.

அந்தச் சிரிப்புக்காகவே நான் அப்டேட் செய்யவில்லை. நேரே புதியதை மாட்டினேன். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. மறுநாள் நாம் வழக்கமாகப் போகும் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், “கெட்டுப்போன ரேமை என் தலையில கட்டிட்டீரே” என்றேன்.

நீர் கிளாஸைக் கீழே வைத்தீர். “என்ன வேணும்னாலும் சொல்லும். கெட்டதக் குடுத்தேன்னு மட்டும் சொல்லாதேயும்” என்று எழுந்து போனீர்.

இருபது நாள் நீரும் வரவில்லை, நானும் போகவில்லை. இருபத்தோராம் நாள் உம்ம மகன் போன் செய்தான். நெஞ்சுவலி என்றான், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். உம்ம வீட்டு வாசலில் எல்லோருக்கும் பின்னால் நின்றேன்.

ஒரு மாதம் கழித்துத்தான் பழைய பிராசசரைத் திரும்ப மாட்டினேன். நீர் சொன்னபடி பயாஸை அப்டேட் செய்தேன். பிறகு புதியது. முதல் முறையிலேயே திரை வந்தது. உம்ம ரேம் பதினாறு ஜிபியும் குறையாமல் காட்டியது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மொத்தமே ஒரு மணி நேர வேலை. நான் செய்திருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். நீரும் ஒரு போன் பண்ணியிருக்கலாம்.

பத்துப் பேர் முன்னால் சொன்னதை அவர்கள் முன்னாலேயே திருப்பி எடுக்க டீக்கடைக்குப் போனேன். “அவர் குடுத்த ரேம் நல்ல ரேம். தப்பு என்னுது” என்றேன்.

“எந்த ரேம் அண்ணாச்சி?” என்றார் டீக்கடைக்காரர்.

“அதெல்லாம் யாரு நெனச்சுக்கிட்டிருக்கா, விடுங்க அண்ணாச்சி” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. ஞாபகம் வைத்திருந்தது நீர் ஒருவர்தான்; அதோடேயே போய்விட்டீர்.

இப்போது அங்கே நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். நேற்று ஒரு நிலக்கரிக் கப்பலைக் காட்டி, வேண்டுமென்றே, உரக் கப்பல் என்றேன். “சரிதான் அண்ணாச்சி” என்றார்கள். யாராவது உம்மைப் போல “இல்லவே” என்று சொல்ல மாட்டார்களா என்று டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.