வாரத்தில் மூன்று புதன்கிழமை

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் நலம் என்பதுதான் வழக்கமாக என் முதல் வரி, இன்று அதை எழுத முடியாமல் பேனாவைப் பிடித்தபடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே, ஆனால் நேற்று வாங்கிய அதிர்ச்சி இன்னும் போகவில்லை. என் கையெழுத்து இப்படிக் கோணலாக இருந்து நீ பார்த்திருக்க மாட்டாய்.

புதன்கிழமைதோறும் மூன்று மணிக்குக் கொக்கு வீட்டில் அவளும் உருளையும் நானும் டீ குடிப்பது உனக்குத் தெரியும். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பட்டப்பெயர் வைத்துக்கொண்ட மூவர், கொக்கு நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆரம்பித்த பழக்கம். நேற்றும் புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு சரியாக மூன்று மணிக்குப் போய் மணி அடித்தேன். கதவைத் திறந்தவளுக்குப் பாதித் தலை கறுப்பு, பாதித் தலை வெள்ளை, கழுத்தில் பழைய துண்டு. விருந்தாளி வரும் நேரத்திலா சாயம் பூசுவாய் என்று கடிந்துகொண்டேன். "வாடி ஸ்கேலு, உனக்காகத்தான் இளமையாகிட்டிருக்கேன்" என்று சிரித்தாள். பத்து நிமிடத்தில் உருளை மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். புதன்கிழமை மதியம் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு முகம் கழுவிப் பவுடர் போட்டு வருகிறவள், விரலெல்லாம் மையும் காதில் பேனாவுமாக நின்றாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. நம் வீட்டுக் குழாயை ரிப்பேர்காரர் அடைத்துவிட்டுப் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நான் சிரிப்பான இடத்துக்கு வருவதற்கு முன்பே உருளை சிரித்துவிட்டாள். கொக்கு அவள் காலை மிதித்ததை நான் பார்த்தேன். உடனே கொக்கு தன் டீக் கோப்பையைத் தூக்கி மேஜைமேல் கிடந்த பேப்பரின் தலைப்பில் வைத்தாள். அவள் வீட்டில் கோப்பை எப்போதும் சாஸரில்தான் இருக்கும். கோப்பையை எடு என்றேன். "ஆறிடும்டி, குடி" என்றாள். நானே எடுத்தேன். ஈர வளையத்துக்குள் வியாழக்கிழமை என்று அச்சாகியிருந்தது.

முந்தின நாளும் நான் போயிருக்கிறேன், பாப்பா. அதே புடவையில், அதே குழாய்க் கதையோடு. எட்டு மாதமாக இப்படித்தான் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். புதன் என்று நினைத்துத் திங்கள் போவேனாம், வெள்ளி போவேனாம், ஒருமுறை ஞாயிறும் போனேனாம். முதலில் ஒரு நாள் கொக்கு வீடு பூட்டியிருக்க, நான் வெயிலில் ஒரு மணி நேரம் படியில் நின்றிருந்தேனாம், எனக்கு அந்தப் படியும் நினைவில்லை, வெயிலும் நினைவில்லை. அன்றே இருவரும் பேசி முடிவு செய்துவிட்டார்கள், மூன்று மணிக்கு யாராவது ஒருத்தி அந்த வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று. நான் உள்ளே நுழைந்ததும் கொக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள், உருளை 'உடனே வருகிறேன்' பலகையைக் கடையில் மாட்டிவிட்டு ஓடி வருவாள். எட்டு மாதமாகக் கொக்கு தன் மகன் ஊருக்குக்கூடப் போகவில்லை. என்னை ஏமாற்றினீர்களா என்று கத்தினேன். "ஏமாத்தலடி, உனக்கு அட்டெண்டன்ஸ் போட்டோம். பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காதுங்கறாங்க, உனக்கு மட்டும் வாரத்துல மூணு கிடைக்குது, கசக்குதா?" என்றாள் கொக்கு.

அட்டெண்டன்ஸ் என்றதும் நான் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு இதைச் சொன்னதே இல்லை. எட்டாம் வகுப்பில் நான் கிளாஸ் லீடர். உருளை தம்பியைக் குளிப்பாட்டி விட்டுத் தாமதமாக வருவாள், அவளுக்குப் பதில் கொக்கு குரலை மாற்றி "பிரசன்ட் சிஸ்டர்" என்பாள். நான் எழுந்து நின்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். இருவரும் ஒரு பீரியட் முழுவதும் வெயிலில் நின்றார்கள். சரியாகத்தான் செய்தேன் என்று அறுபது வருடம் நினைத்துக்கொண்டிருந்தவள் நான். நேற்று உருளை மை விரலோடு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பொண்ணுகிட்ட சொல்லாதேடி, டிக்கெட் போட்டு வந்து உன்னைத் தூக்கிட்டுப் போயிடுவா" என்று அழுதாள். ஆனால் காட்டிக்கொடுப்பது எனக்குப் பழகிய வேலை. இந்த முறை என்னையே காட்டிக்கொடுக்கிறேன்.

உன் அப்பா போன பிறகு யார் உதவியும் இல்லாமல் வாழ்கிறேன் என்று உன்னிடம் எத்தனை முறை பெருமையடித்திருப்பேன், அதை நினைத்தால் கூசுகிறது. திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், கொக்கு கூட வருகிறாள். அவர் என்ன சொன்னாலும் மறைக்காமல் எழுதுவேன். வேண்டுமானால் வந்து பார், ஆனால் என்னை அங்கே அழைத்துப் போக வராதே. அங்கே உன் வீட்டில் எனக்கு நல்ல அறை இருக்கும், ஆனால் நான் போய் நிற்கிற நாளைப் புதன்கிழமை ஆக்க ஆள் இருக்காது. இன்னொன்று. உன்னோடு படித்த அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரியோடு நீ ஏதோ சின்னப் பேச்சில் முறைத்துக்கொண்டு ஆறு வருடமாகிறது. தப்பு அவள்மேல் என்று அன்று நான்தான் தூபம் போட்டேன். இன்றே அவளுக்குப் போன் செய். யார் சரி என்று பேசாதே.

நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நூறாண்டு வாழ என் ஆசீர்வாதம். நான் மறந்தால் காட்ட, இந்தக் கடிதத்தை உருளை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்கிறாள். அதையும் மீறி அடுத்த வாரம் இதையே நான் மறுபடி எழுதினால், முதல் முறை படிப்பதுபோல் நடிக்காதே. நடிக்க எனக்கு இங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். நீ திருத்து.

உன் அம்மா
வெள்ளிக்கிழமை, பேப்பரைப் பார்த்து எழுதியது