வாசிக்காமல் விட்ட வரி

தம்பி,

இன்று காலை ஆசிரியர் அறையில் கைபேசியைத் திறந்தேன். திரையில் ஒரு மூங்கில் தூண்டில் வந்து நின்றது. மூன்று துண்டு, தேன் நிறம், தக்கையில் பிடி. நீ போய் ஒன்றரை வருடமாகிறது. இந்தக் கைபேசிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. நாம் தேடியதை நினைவில் வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒன்றைக் கொண்டுவந்து காட்டுகிறது. பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்து, மீன் பிடிக்கப் போறீங்களா என்று சிரித்தாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

உனக்கு அந்த ஆசையைக் கொடுத்தவர் உன் ஜீப்பில் ஏறிய ஒரு பெங்களூர்ப் பெரியவர். அவரை நீலகிரிக்கு ஓட்டிச் சென்று மூன்று நாள் கூட இருந்தாய். புழு இல்லாமல், இறகும் நூலும் வைத்துக் கட்டிய பொய்ப்பூச்சியை ஓடையின் மேல் வீசி வீசி அவர் டிரௌட் மீன் பிடிப்பதைப் பார்த்தாய். உன் கையிலும் ஒருமுறை கொடுத்தாராம். செண்பகனூருக்குத் திரும்பியதும் வீட்டு வாசலில் ஒட்டடைக் கம்பை வீசிக் காட்டினாய். ஸ்டெல்லா உள்ளேயிருந்து பார்த்துவிட்டு, புருஷனுக்குப் பேய் பிடித்துவிட்டது என்றாள். உனக்கு நாற்பது வயது. குடி, சீட்டு என்று எதிலும் போகாதவன். உனக்கென்று நீ எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"கார்பன் ராடு வெறச்சுப் போயிக் கெடக்கும்க்கா. மூங்கிலு அப்படியில்ல. மீனு தலைய அசைச்சாக்கூடக் கையில தெரியும்" என்றாய்.

புதிதாகச் செய்த மூங்கில் ராடு நம் கைக்கு எட்டுகிற பொருள் இல்லை என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. பழையதை விற்பவர்களைத்தான் தேட வேண்டும். விவரமெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். நீ எட்டாவதோடு படிப்பை விட்டவன். அதனால் நான் வாசிக்க, நீ முடிவு செய்வாய் என்று ஆயிற்று. சவாரி முடிந்ததும் நேராக என் வீட்டுக்கு வருவாய். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என் பக்கத்தில் உட்காருவாய்.

எனக்குத் தெரியாத ஒரு கணக்கு உன் மனசில் இருந்தது. பயணிகளின் பெட்டிக்கே ஜீப்பில் இடம் போதாது. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சாய்த்து வைக்கிற நீளத்துக்கு மடங்க வேண்டும். அதனால் இரண்டு துண்டு ராடுகளையெல்லாம் தள்ளிவிட்டாய். மூன்று துண்டு, மாட்டினால் ஏழரை அடி. நூலின் கனத்தை வைத்து ராடுக்கு எண் போடுகிறார்கள். சின்ன எண் பொடிமீனுக்கு, பெரிய எண் பெரிய மீனுக்கு. நீ நடுவில் ஐந்தைப் பிடித்துக்கொண்டாய்.

"கவுஞ்சிக் குட்டையில கெண்டைக்கும் ஆகணும், தாண்டிக்குடி ஓடையில பொடிக்கும் ஆகணும், நீலகிரிக்குப் போனா அங்கயும் ஆகணும். வாழ்நாள்ல ஒண்ணுதான் வாங்க முடியும்க்கா."

பத்து நாளுக்கு மேல் ஓடியது. ஒன்று நுனி வளைந்திருந்தது, ஒன்றில் வார்னிஷ் உரிந்திருந்தது. ஏதாவது குறை என்று நான் வாசித்தவுடன் வேண்டாம் என்பாய். அது அரையாண்டுத் தேர்வுச் சமயம். திருத்தாத விடைத்தாள் கட்டுக் கட்டாக மேசைமேல் கிடந்தது. அன்றைக்கு வந்த ராடில் எல்லாமே நீ கேட்டபடி இருந்தது. நீளம், எண், துண்டு, விலை. ஒவ்வொன்றாக வாசித்தேன். உன் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசி வரியில், மேல் துண்டு மாட்டுகிற பித்தளைப் பூண் சற்றுத் தளர்வு, மெழுகு தடவிப் பயன்படுத்தவும் என்று போட்டிருந்தது.

"வேற என்னக்கா போட்டுருக்கு?" என்று கேட்டாய்.

"அம்புட்டுத்தான்" என்றேன்.

உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. இந்தச் சோலி முடிந்தால் போதும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன் என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

பார்சல் வந்த அன்று வாசலில் வைத்து மாட்டினாய். மேல் துண்டை லேசாகத் திருகி, கொஞ்சம் ஆடுதேக்கா என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பழசுன்னா அப்படித்தான் இருக்கும்டா என்றேன். நான் படித்தவள் என்று நம்பினாய்.

ஒன்பது மாதம் அது உன்னோடு ஊரெல்லாம் சுற்றியது. கவுஞ்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப் போனாய். பூண்டு வயல்களுக்குக் கீழே இருந்த குட்டையில் நீ வீசிய நூல் காற்றில் மெதுவாக விரிந்து இறங்கியது. ஒரு கெண்டை மாட்டியது. உடனே இழுக்காமல் என்னைக் கூப்பிட்டு ராடை என் கையில் வைத்தாய். உள்ளங்கைக்குள் ஓர் உயிர் துடித்தது. நீ அப்படிச் சிரித்ததை உன் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

ஐப்பசியில் தாண்டிக்குடிக்குச் சவாரி போனாய். பயணிகள் காபித் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போய்விட, நீயும் உன்னோடு வந்த இன்னொரு ஜீப் டிரைவர் குமாரும் ஓடைக்கு இறங்கினீர்கள். மேலே மலையில் மழை கறுத்திருந்ததாம். பிறகு நடந்ததை உன் அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் குமார் என் வீட்டுக்கு வந்து சொன்னான். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டேதான் சொன்னான்.

"வீசும்போது மேத்துண்டு கழண்டு போச்சுங்க டீச்சர். நூலோடயே வழுகிப் போயி நடு ஓடையில பாறைக்குள்ள சிக்கிக்கிருச்சு. நூல அறுத்து விட்டுருடான்னு சொன்னேன். கேக்கல. எங்கக்கா தேடித் தேடி எடுத்துக் குடுத்ததுடான்னு சொல்லிட்டு எறங்கிட்டான்."

இடுப்பளவுத் தண்ணீர்தான் இருந்ததாம். பாறையைத் தொட்டுவிட்டாயாம். அப்போது மேலேயிருந்து செந்தண்ணீர் வெள்ளமாய்ப் பாய்ந்து வந்தது. மறுநாள் காலையில்தான் உன்னைக் கண்டார்கள்.

பூண் தளர்ந்திருந்ததை நான் முன்பே அறிவேன் என்று குமாரிடம் சொல்லவில்லை. சர்ச்சில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். நீ எதையும் வேண்டுமென்று செய்யவில்லை மகளே, மனசைப் போட்டு வதைக்காதே என்றார். மன்னிப்புக் கிடைத்தது. தூக்கம் வரவில்லை. அடுத்த வருடம் கல்லறைத் திருநாளில் உனக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்புகையில், ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டால் மனப்பாரம் இறங்கிவிடும் என்று தோன்றியது. மறுநாள் வெள்ளனே அவள் வேலை செய்கிற விடுதிக்குப் போனேன். கொடியில் விரிப்புகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரியைக்கூட ஆங்கிலத்தில் இருந்தபடியே சொன்னேன்.

அவள் அழவில்லை. கையிலிருந்த ஈர விரிப்பை மறுபடி பக்கெட்டுக்குள் வைத்தாள்.

"இத்தன நாளு தண்ணி கொண்டுக்கிட்டுப் போயிருச்சுன்னு இருந்தேன் மதினி. தண்ணிய யாரு என்ன கேக்க முடியும்? இப்ப உங்க மொகத்தப் பாக்கயிலெல்லாம் எனக்கு அதுதான் தெரியும். எதுக்கு என்கிட்டச் சொன்னீங்க?"

என் பாரம் இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னேன் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

நான் கிளம்பும்போது, "அத்தைக்கிட்டச் சொல்லிறாதீங்க. அவுக தாங்க மாட்டாக" என்று மட்டும் சொன்னாள்.

இப்போதும் காலையில் நாங்கள் இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில்தான் போகிறோம். இடம் இருந்தால் என் பக்கத்தில் உட்காருகிறாள். அம்மாவின் சுகர் மாத்திரை, தண்ணீர் வராத குழாய் என்று பேசுகிறோம். அவள் ஜன்னலைப் பார்த்துத்தான் பேசுகிறாள். என்னைப் பார்த்துப் பேசு என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. அம்மா உன் படத்துக்கு முன்னால் நின்று, யார் கண் பட்டதோ என்று புலம்புகிறபோது சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுபத்தெட்டு வயது அவளுக்கு. அவளிடம் நான் சொல்ல மாட்டேன் தம்பி. இனி யாரிடமும் சொல்ல மாட்டேன்.

உன் அக்கா