மலரின்மேல் விழுந்த பிழை

11 மார்ச் 1986, செவ்வாய்

நேற்று மாலை கல்லூரிக் கொம்பியூட்டரில் நான் எழுதிய சின்னக் கட்டளைகளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கினேன். எங்கிருந்து கூப்பிட்டாலும் அவை ஓடவேண்டும் என்று, மெசின் எந்தெந்த இடங்களில் கட்டளைகளைத் தேடவேண்டும் என்று சொல்லும் 'பாதை' வரியில் அந்த இடத்தை எழுதினேன். பழைய பாதையோடு சேர்த்து எழுதியிருக்க வேண்டும். என்னுடையதை மட்டும் எழுதிவிட்டேன்.

இன்று காலை தட்டெழுத்தாளர் மலர் மெசினைப் போட்டாள். கடிதம் அடிக்கும் புரோகிராம் வரவில்லை. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று திரை திரும்பத் திரும்பச் சொன்னது. கல்லூரி அதிபர் வந்து மலரைக் கேட்டார்.

"செருப்புத் தூசியோடை உள்ளுக்கு வந்தனீரோ?"

"இல்லை சேர். வாசலிலை கழட்டிப்போட்டுக் காலும் கழுவிப்போட்டுத்தான் வந்தனான்."

"அப்ப உது ஏன் உம்மைக் கண்டவுடனை வாய் மூடுது? இனி நீர் பழையபடி ரைப்ரைட்டரோடை இரும்."

மலர் எவ்வளவு ஆசையோடு இதைப் பழகினாள் என்பது எனக்குத் தெரியும். திரையைப் பார்த்ததுமே காரணமும் விளங்கிவிட்டது. அவர்கள் வெளியே போனபின் நேற்று நான் எழுதிய அந்த ஒரு வரியைத் திருத்தினேன். எல்லாம் ஓடியது.

"ரீச்சர் இல்லாட்டி எங்கடை பாடு என்ன?" என்றார் திரும்பி வந்த அதிபர். நான் சிரித்தேன்.

வீட்டுக்குப் போகும்போது மலர் என்னிடம் வந்தாள். "நான் விட்ட பிழை என்னெண்டு சொல்லித் தருவியளோ ரீச்சர்?"

"நாளைக்குச் சொல்லுறன்" என்றேன்.

பிழை என்னுடையது என்று அதிபரிடம் தனியே சொல்லிவிடலாம் என இங்கே எழுதி வெட்டிவிட்டேன். சொல்லும்போது மலரும் நிற்கவேண்டும்.