செருப்புக்கடை வாசல்

மார்ச் 3, திங்கள்

சலூனில் சேர்ந்த துண்டெல்லாம் துவைத்துக் காயப்போட்டேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஆனாலும் ஊரில் முடி வளருவது நிற்கவில்லை. ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவருடைய தம்பி, என் கொழுந்தனார், இப்போது இரண்டு நாற்காலிக்கும் ஒற்றை ஆளாக நிற்கிறார். என் வீட்டுக்காரர் நின்ற நாற்காலியில் யாராவது உட்கார்ந்தால் நான் பின்பக்கம் போய்விடுகிறேன்.

மார்ச் 5, புதன்

தூக்கமில்லை. எழுதவும் ஒன்றுமில்லை.

மார்ச் 8, சனி

கடையைப் பூட்டிவிட்டுக் கொழுந்தனாரும் நானும் நடந்து வந்தோம். செருப்புக்கடை வாசலில் அவர் நின்றுவிட்டார். என் வீட்டுக்காரரும் அதே இடத்தில்தான் நிற்பார், கண்ணாடிக்குள் செருப்பு பார்க்கிற மாதிரி. “என்ன மாப்பிள்ளை, கல்யாணத்துக்குச் செருப்பு பாக்கறீங்களா?” என்று அவரைக் கேலி செய்வேன். “பொண்ணு சரின்னா நான் ரெடி” என்பார்.

“என்ன தம்பி?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல அண்ணி, ஆடுசதை பிடிச்சு இழுக்குது. நின்னு பொழைக்கிற தொழிலு. முடிவெட்டறவன் காலு வேற எப்படி இருக்கும்?”

அண்ணன் சொன்ன அதே பேச்சு. வார்த்தை மாறவில்லை.

மார்ச் 12, புதன்

பிரஷர் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடி போட்ட நர்சம்மா, “ஏறித்தான் இருக்கு. தூங்கறீங்களாம்மா?” என்றார். அந்த ஒரு கேள்விக்கு அழுகை வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவே இல்லை என்பதைச் சொன்னேன்.

“அதுக்கு முன்னாடி ஏதாச்சும் தொந்தரவு?”

“ஒண்ணுமில்லீங்க. கால் மட்டும் வலிக்கும்.”

“நிக்கும்போதா, நடக்கும்போதா?”

யோசித்தேன். நாள் முழுக்க நிற்பார், வலிக்காது. நடந்தால் வலிக்கும். நின்றால் விட்டுவிடும். — நிக்கறதால வந்த வலின்னா நின்னா எப்படிப் போகும்? வீட்டுல இத்தனை பேர் இருந்தோமே, யாருக்கும் தோணலையே.

ரத்தக்குழாயில் கொழுப்பு படிகிறது என்றார் நர்சம்மா. “வெந்நீர் கெட்டில்ல வெள்ளையா படியுமே, அப்படியா?” என்று கேட்டேன். இல்லையாம். ஓதம் ஏறின சுவரில் பெயின்ட் உப்பிக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி குழாயின் சுவருக்குள்ளேயே சேர்ந்து உப்புமாம். வழி குறுகிப்போகும். நடக்கிற காலுக்கு ரத்தம் போதாமல் வலிக்கும். இதயத்துக் குழாயில் அந்த உப்பல் உடைந்தால் மேலே ரத்தம் கட்டி அப்படியே அடைத்துவிடும். “கால்ல இருந்தா நெஞ்சுலயும் இருக்க வாய்ப்பு அதிகம். சிகரெட் பிடிச்சா இன்னும் அதிகம்.”

பிடிப்பார். அண்ணன், தம்பி இரண்டு பேருமே.

பாதத்தின் மேல்பக்கம் விரலை வைத்து, என் நாடி துடிப்பதைக் காட்டினார். அங்கே துடிப்பு கிடைக்காவிட்டால் கால் குழாய் அடைத்திருக்கலாமாம். வீட்டுக்கு வந்தும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

மார்ச் 14, வெள்ளி

கொழுந்தனாரிடம் சொன்னேன். சிரிக்கிறார்.

“எனக்கு நெஞ்சுவலியே இல்லியே அண்ணி. காலுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?”

“ரெண்டுலயும் ஒரே ரத்தம்தானே தம்பி ஓடுது?”

“நர்சம்மா உங்களை நல்லா பயமுறுத்தி அனுப்பிட்டாங்க. எண்ணெய் தேச்சா சரியாப் போயிடும்.”

மார்ச் 17, திங்கள்

இன்றும் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். கடையை யார் பார்ப்பது என்கிறார். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. இன்னொரு சாவைப் பார்க்கவும் தெம்பில்லை.

மார்ச் 19, புதன்

செருப்புக்கடை வரைக்கும்கூட வரவில்லை. அதற்கு முன்னாலேயே, பாத்திரக்கடை வாசலில் நின்றுவிட்டார்.

மார்ச் 22, சனி

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை.

கொழுந்தனார் வாத்தியாருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் நாற்காலியைச் சுற்றி முடி கூட்டிக்கொண்டிருந்தேன். குனிந்த இடத்தில் கொழுந்தனார் பாதம். செருப்பைக் கழற்றி விட்டிருந்தார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டேன்.

“அண்ணி, என்ன பண்றீங்க? காலை விடுங்க. கையில கத்தி இருக்கு.”

“அதான் ஆடாம நில்லுங்க.”

வாத்தியார் பாதி முகத்து நுரையோடு, “முதல்ல என் கழுத்துலேர்ந்து கத்தியை எடுப்பா. அப்புறம் அந்தம்மா எதை வேணா பிடிக்கட்டும்” என்றார்.

வலது காலில் மெலிசாகத் துடித்தது. இடது காலில் தேடினேன், தேடினேன். ஒன்றுமே கிடைக்கவில்லை. எனக்குத் தேடத் தெரியவில்லையோ என்னவோ. விரலை எடுக்க மனசு வரவில்லை.

“அண்ணி, அம்மா மாதிரி நீங்க. நீங்க போய் என் காலைத் தொடலாமா? திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன். காலை விடுங்க போதும்.”

விட்டேன்.

மார்ச் 27, வியாழன்

திங்களன்று கை, கணுக்கால் இரண்டிலும் பிரஷர் பார்த்தார்கள். இடது கணுக்காலில் ரொம்பக் குறைவு. இன்று ஸ்கேன். தொடையிலேயே குழாய் பாதிக்கு மேல் குறுகியிருக்கிறதாம். இதயத்துக்கும் சோதனை எழுதியிருக்கிறார்கள். மாத்திரை. சிகரெட் தொடவே கூடாது. தினமும் நடக்கணும், வலித்தால் நின்று, விட்டதும் மறுபடி நடக்கணும்.

“வலிக்குதுன்னு போனா, வலிக்க வலிக்க நடன்னு சொல்றாங்க” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பஸ் ஏறுகிற நேரத்தில் சட்டென்று கேட்டார். “அண்ணனுக்கும் இதேதானா அண்ணி?”

நான் டிக்கெட்டுக்குச் சில்லறை தேட ஆரம்பித்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சிகரெட் இல்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். விழட்டும்.

மே 9, வெள்ளி

கொழுந்தனாருக்கு இதயக் குழாயிலும் கொழுப்பு இருக்கிறது, ஆனால் மாத்திரையில் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கேட்டதும் ஈரத் துண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 14, சனி

சாயங்காலம் நடந்து வந்தோம். வாத்தியார் தலைக்குச் சாயம் அடிக்கச் சொன்ன கதையைக் கொழுந்தனார் சொல்லிக்கொண்டே வந்தார். பாத்திரக்கடை போனது. செருப்புக்கடையும் போனது. அவர் கவனிக்கவே இல்லை, பேசிக்கொண்டே போய்விட்டார்.

தெருமுனைக்குப் போனபிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

“என்ன அண்ணி நின்னுட்டீங்க? காலு வலிக்குதா?”

“இல்ல தம்பி. சும்மா பாக்கறேன். நீங்க நடங்க.”

செருப்புக்கடைக் கண்ணாடிக்குள் பழுப்பில் ஒரு ஜோடி இருந்தது. என் வீட்டுக்காரருக்குச் சரியாக இருந்திருக்கும்.