வாசலில் நின்று ஷூவைத் தட்டுங்கள்

மார்ச் 3, செவ்வாய்

ஆறு மணிக் கால்பந்து ஆட்டம் முடிந்து மைதானத்துப் பாதையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்மணி நேரே வந்து குழாயை மூடிவிட்டார். மாநகராட்சி ஆய்வாளராம். "இந்தக் கறுப்புத் தூளெல்லாம் எங்கம்மா போகுது?" என்று கேட்டார். சாக்கடையைக் கையால் காட்டினேன்.

அது ரப்பர்க் குருணை. பழைய டயரை அரைத்தது, மிளகைவிடச் சின்னது. விழுந்தால் அடிபடாமல் இருக்கச் செயற்கைப் புல்லுக்கு நடுவே கொட்டியிருக்கிறார்கள். ஆடுகிறவர்களின் ஷூவில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். அதைத் தண்ணீர் அடித்துத் தள்ளுவதுதான் ஒன்றரை வருடமாக என் வேலை.

மார்ச் 4, புதன்

முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். பொருள்களில் வேண்டுமென்றே சேர்க்கிற பிளாஸ்டிக் துகள்களை ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்களாம். முகம் தேய்க்கிற கிரீமில் இருக்கிற மணி, ஜிகினாத் தூள், எங்கள் குருணை, எல்லாம் அதில் வருகிறது. மைதானங்களுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஆனால் மாற்றும்வரை குருணை வெளியே போகக் கூடாது. ஒரு மாதத்தில் திரும்ப வந்து பார்ப்பார்கள். சரியில்லை என்றால் மைதானத்துக்குப் பூட்டு.

"இனிமே நீ வாசல்ல நில்லு. எல்லாரும் ஷூவைத் தட்டி, பிரஷ்ல தேச்சுட்டுத்தான் போகணும். சொல்லிடுவியா?"

தலையாட்டினேன். எதற்குத்தான் ஆட்டவில்லை நான்?

வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் புத்தகம் ஈரமாகிற அளவுக்கு எனக்குக் கை வேர்க்கும். அதற்குப் பயந்தே ஒன்பதாவதில் ஒரு நாள், இரண்டு நாள் என்று போகாமல் இருந்து, பிறகு மொத்தமாக நின்றேன். என்னைப் போய்ச் சொல்லச் சொல்கிறார்.

அம்மாவிடம் சொன்னேன். மைதானத்துக்கு எதிரே உள்ள தையல் கடையில்தான் அம்மாவுக்கு வேலை. "வாயைத் திறந்து சொல்லுடி. நீ பேசறது உனக்காவது கேக்குதா?" என்றாள்.

மார்ச் 5, வியாழன்

பின்சுவரைத் தாண்டிப் போய் ஓடையைப் பார்த்தேன். எங்கள் சாக்கடை அங்கேதான் போய் விழுகிறது. வளைவில் சேறு முழுக்கக் கறுப்பு. ஒரு கை அள்ளினால் பாதி குருணை. சின்னப் பறவை ஒன்று அதைக் கொத்திக்கொண்டிருந்தது. புழு என்று நினைத்ததோ?

அவ்வளவும் நான் தள்ளியது.

மார்ச் 9, திங்கள்

"ஷூவைத் தட்டிவிட்டுச் செல்லவும்" என்று அட்டையில் பெரிதாக எழுதி மாட்டினேன். வந்தது பதினான்கு பேர். தட்டியது இரண்டு பேர். ஒருவர் அட்டை மேலேயே ஈரச் சட்டையைக் காயப்போட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று சொல்லியே விடுவது என்று போனேன். செவ்வாய்க்கிழமைக் குழுவுக்கு ஒன்பதாம் நம்பர் சட்டைக்காரர்தான் தலைவர். அவரிடம் "அண்ணா, ஷூ..." என்றேன். அவர் பாட்டுக்கு நடந்தார். பின்னால் வந்தவர், "டேய், ஏதோ கொசு கத்துதுடா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு இது வராது. வரவே வராது. யாரையாவது வேற ஆளைப் போட்டுக்கட்டும். நான் ஏன் போய் நிக்கணும் — எனக்கென்ன தலையெழுத்தா?

மார்ச் 11, புதன்

வயிற்றுவலி என்று லீவு சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 12, வியாழன்

நேற்று முதலாளியே வாசலில் நின்றாராம். தொண்டை கட்டிப் போய் உட்கார்ந்திருக்கிறார். "என்னையே ஒருத்தனும் மதிக்கல" என்று கரகரத்தார். பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அப்படியென்றால் சத்தம் மட்டும் போதாது.

மார்ச் 17, செவ்வாய்

பூட்டிவிட்டேன்!

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே வெளிவாசலைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பிரஷ்ஷும் தட்டும் வைத்து நின்றேன். ஒன்பதாம் நம்பர் வந்து கம்பியை ஆட்டினார்.

"என்னம்மா, எங்களை ஜெயில்ல போட்டுட்டியா?"

அவர் ஷூவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"பஸ் போயிடும்மா."

அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது. "தட்டினா நிமிஷத்துல போயிடலாம்ணா."

யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை அவரைப் பார்த்து. முணுமுணுத்துக்கொண்டே தட்டினார். மற்ற பதிமூன்று பேரும் தட்டினார்கள். தட்டில் குவிந்ததைப் பார்த்து, "இவ்வளவா? என் வீட்டுக்காரி தினமும் திட்டறது இதுக்குத்தானா?" என்றார்.

மார்ச் 24, செவ்வாய்

ஒரு வாரத்தில் தட்டில் சேர்ந்த குருணை மூன்று கிலோ இருநூறு கிராம். சமையல் தராசில் நிறுத்தேன். அம்மா கத்தினாள்: "அதுலதானேடி பருப்பு நிறுக்கறேன்!" பிறகு அவளே பழைய ஜன்னல் திரையை வெட்டி, சாக்கடை வாயில் கட்டச் சின்னப் பை ஒன்று தைத்துக் கொடுத்தாள். இரட்டைத் தையல்.

குழாயை இப்போது தொடுவதில்லை. துடைப்பம்தான்.

ஏப்ரல் 6, திங்கள்

ஆய்வாளர் வந்தார். சாக்கடை மூடியைத் திறந்தார், பையைப் பார்த்தார். முதலாளி விளக்க ஆரம்பித்தார். ஆய்வாளர் கையைக் காட்டித் தடுத்தார். "நீங்க இருங்க சார். வாசல்ல நிக்கறவங்க சொல்லட்டும்."

சொன்னேன். பூட்டு, தட்டு, பை, தராசு எல்லாம். இடையில் குரல் உடைந்தது. நிறுத்திவிட்டு மறுபடி சொன்னேன்.

அப்புறம் அவர் பின்னால் ஓடைக்குப் போனார். சேற்றைக் கிளறினார். கறுப்பு. முதலாளி முகம் வெளுத்தது. வேறு எங்கிருந்தோ வந்திருக்கும் என்றார்.

"இல்ல மேடம். பழசு. நான்தான் தண்ணி விட்டுத் தள்ளினேன். தெரியாம."

முதலாளி என்னை முறைத்தார். போச்சு, வேலையும் போச்சு, மைதானமும் போச்சு என்று நினைத்தேன். ஆய்வாளர் நெடுநேரம் எழுதினார். "வாசல் வேலை சரியா நடக்குது, பூட்ட வேண்டியதில்ல. ஆனா மழைக்கு முன்னாடி இந்தக் கரையை அள்ளிடணும்."

ஏப்ரல் 12, ஞாயிறு

கரையை அள்ளினோம். முதலாளி, நான், ஒன்பதாம் நம்பர், அவர் மனைவி. பதினோரு சாக்கு. அவர் மனைவி கேட்டார்: "இவரை நிக்க வெச்சுத் தட்ட வெச்சது நீயா? வீட்டுக்கு வந்தும் கொஞ்சம் சொல்லேன்."

ஆகஸ்ட் 11, செவ்வாய்

ரப்பரை உறிஞ்சி எடுத்துவிட்டு, பாட்டிலை அடைக்கிற கார்க்கை அரைத்த குருணை போட்டாயிற்று. மரப்பட்டை நிறம். வெயிலில் டயர் நாற்றம் இல்லை. இன்று முதல் ஆட்டம்.

முடிந்ததும் ஒன்பதாம் நம்பர் நேரே வாசலுக்குப் போனார். நான் பிரஷ்ஷை நீட்டினேன். "அதான் கார்க் போட்டாச்சேம்மா, இன்னும் எதுக்கு?"

"அப்புறம் பாதையை யாரு கூட்டறது? நீங்களா? தட்டுங்கண்ணா! எல்லாரும்தான்!"

தட்டினார்கள்.

எதிர்க் கடையிலிருந்து அம்மா தலையை நீட்டினாள், வாயில் ஊசியோடு. எடுத்துவிட்டுச் சொன்னாள்: "மெதுவாப் பேசேன்டி. அளவு குடுக்க வந்தவங்க பயப்படறாங்க."