பட்டை போட்ட ஜாடி

ஆகஸ்ட் 12, 1974

இன்றைக்கும் மண்தான் ஜெயித்தது. சக்கரத்தின் நடுவில் உட்கார வைக்கிறேன், கொஞ்ச நேரம் ஒழுங்காகச் சுற்றுகிறது, பிறகு ஒரு பக்கமாகக் கிளம்பிவிடுகிறது. வாசுகி டீச்சர் என்னைவிட எத்தனையோ வயது சின்னவள். சிரிக்காமல் சொல்லிக் கொடுக்கிறாள். அதற்கே அவளுக்குப் புண்ணியம் உண்டு. "மண்ணோட சண்ட போடாதீங்க பட்டு மாமி. முழங்கைய தொடையில ஊனிக்கிட்டு சும்மா புடிங்க, அதுவே வரும்." சும்மா பிடிக்க எனக்கு எங்கே வரும்? கல்யாணமான நாளிலிருந்து ஒரு குடும்பத்தை இறுக்கிப் பிடித்த கை இது.

ஒரே ஒரு விஷயத்தில் இந்த மண்பாண்ட வகுப்பில் நான்தான் முதல். காலால் உதைத்துச் சுற்றுகிற சக்கரத்தில் ராஜம்மாளின் புடவை தினமும் மாட்டிக்கொள்கிறது. என் மடிசார் மாட்டுவதில்லை.

ஆகஸ்ட் 19

கிண்ணம் ஒன்று செய்து, காயவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இவர் ஸ்டேஷனில் நாள் முழுக்க டிக்கெட் கொடுத்துவிட்டு வந்த களைப்பிலும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல மேல்பக்கம் எது?" என்றார். இப்போது அவருடைய சட்டைப் பொத்தான்கள் அதில் இருக்கின்றன.

ஆகஸ்ட் 20

இடுப்பு வலி. எழுத முடியவில்லை.

செப்டம்பர் 2

இவர் ஸ்ரீமுஷ்ணம் போய்விட்டு வந்தார். போன இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? வகுப்பைப் பற்றித் தன் அக்காவிடம் உளறிவிட்டார். அம்புஜவல்லி அக்கா இவரைத் தாய்க்குத் தாயாக வளர்த்தவள். அத்திம்பேருக்குப் பூவராகர் கோயிலில் கைங்கர்யம். அக்கா சொன்னால் இவருக்கு அது பெருமாளே சொன்ன மாதிரி.

"நம்மாத்து மாட்டுப்பொண் சேத்துல கையை வைக்கறதாவது" என்றாளாம். பிறகு மனமிரங்கி ஒரு தீர்ப்பு. தீபாவளிக்கு வரும்போது நானே செய்த ஊறுகாய் ஜாடி ஒன்றைக் கொண்டுவர வேண்டும். கோணாமல், கசியாமல் இருந்தால் வகுப்புக்குப் போகலாம். இல்லையென்றால் தீபாவளியோடு வகுப்புக்கு முழுக்கு.

பூமியையே கோரைப்பல்லில் தூக்கி வந்தவருக்குத் தளிகை செய்கிற வீடு அது. அவர் மூக்கில் மண் ஒட்டியிருக்காதா? இதையெல்லாம் இந்த நோட்டில்தான் எழுத முடியும்.

ஆனால் விடமாட்டேன். பையன் மெட்ராஸ் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து இந்த வீட்டில் காப்பிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் நான் என்ன செய்கிறேன் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. சாயங்காலம் அந்தக் கொட்டகையில் உட்காரும்போதுதான் எனக்கு என்னைத் தெரிகிறது. அது எனக்கு வேண்டும்.

செப்டம்பர் 11

ஜாடி கவிழ்ந்தது.

செப்டம்பர் 13

ஜாடி கவிழவில்லை. உட்கார்ந்துவிட்டது. வாசுகி அதை ஒரு தட்டு என்று சொல்லிச் சமாதானப்படுத்தினாள்.

செப்டம்பர் 27

நின்றது! கழுத்து, தோள், வயிறு, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அடியில் நூலை விட்டு அறுத்து எடுக்கும்வரை மூச்சு விடவில்லை. ராஜம்மாள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவள் பேச்சை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

அக்டோபர் 18

ஜாடி முதல் சூட்டைத் தாங்கி வந்துவிட்டது. இன்று பழுப்புப் பூச்சில் முக்கி எடுத்துப் பலகையில் வைத்தோம். இனி இரண்டாவது சூடுதான் பாக்கி.

பக்கத்துச் சூளைக்காரர் பழமலைதான் எங்கள் சாமான்களையும் சுட்டுத் தருகிறவர். நெற்றி கொள்ளாத விபூதி, வாய் கொள்ளாத சிவநாமம். ஆயுத பூஜை கழிந்துதான் நெருப்பு வைப்பாராம். ஸ்ரீமுஷ்ணத்துக் கதையை முழுக்கச் சொன்னேன். பாவம், என்னைவிட அதிகமாகக் கவலைப்பட்டார். "நான் பாத்துக்கறேங்க மாமி, தைரியமா போங்க" என்றார்.

அக்டோபர் 25

ஆயுத பூஜைக்குப் பழமலை எதையும் விடவில்லை என்று ராஜம்மாள் சொன்னாள். சக்கரம், மண் மூட்டை, தண்ணீர் வாளி, வாசுகியின் சைக்கிள், எல்லாவற்றுக்கும் விபூதி குங்குமமாம். நாங்கள் அன்று எங்கள் வீட்டுப் பூஜையில் இருந்தோம்.

நவம்பர் 9

ஐயோ.

சூளையைப் பிரித்தார்கள். என் ஜாடி வந்தது. விரிசல் இல்லை, கோணல் இல்லை, தட்டினால் கணீர் என்கிறது. அதன் வயிற்றில், நட்ட நடுவில், பளபளவென்று மூன்று வெள்ளைப் பட்டை. குறுக்காக.

ஆயுத பூஜையன்று பழமலை மற்றவர்கள் ஜாடிக்கெல்லாம் விபூதி ஒரு சிட்டிகை தூவினாராம். என் ஜாடிக்கு மட்டும், நான் கவலைப்பட்டேனே என்று, விபூதியைக் குழைத்து மூன்று விரலால் பட்டையாக இழுத்திருக்கிறார். நெருப்பில் போய்விடும் என்றுதான் அவரும் நினைத்தார். குங்குமம் போய்விட்டது. விபூதி போகவில்லை. "சாம்பல் அந்தச் சூட்டுல உருகிடும் மாமி. பூச்சோட சேந்து கண்ணாடியா ஒட்டிக்கும்" என்றாள் வாசுகி. முதல் முறையாகச் சிரித்தாள்.

பழமலை கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நெருப்புல கூட அழியல பாத்தீங்களா."

அழியவில்லையே, அதுதானே என் கஷ்டம். பெருமாள் கோயில் வீட்டுக்குப் பட்டை போட்ட ஜாடியை எப்படிக் கொண்டுபோவேன்? இன்னொன்று செய்து, காயவைத்து, இரண்டு முறை சுட்டு எடுப்பதற்குள் தீபாவளி வந்து போய்விடும். வாசுகியிடம் போய் நின்று அழுதேன். அழுததில் வெட்கமில்லை.

நவம்பர் 10

புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். இவர் உப்புக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேய்க்கத் தேய்க்கப் பட்டை இன்னும் பளிச்சென்று ஆகிறது. "இது நம்மால ஆகற காரியமில்லை" என்று காகிதத்தைக் கீழே வைத்தார். அக்காவுக்குப் பயந்த மனுஷன் என் ஜாடிக்காக விரல் தேய உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

நவம்பர் 12

ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஜாடி என் மடியில். சுற்றியிருந்த துண்டு கம்மாபுரத்தில் ஏறிய ஒருவர் தோள் பட்டு விலகியது. அவர் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எந்தக் கோயில் தீர்த்தம்மா?" என்று கேட்டார். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா வாசலிலேயே துண்டை எடுத்தாள். பார்த்தாள். ஜாடி நிறையத் தண்ணீர் ஊற்றி, பழைய பேப்பர் மேல் வைத்து, பட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள். நான் சாப்பிடவே இல்லை.

நவம்பர் 13, தீபாவளி

பேப்பர் நனையவில்லை.

எண்ணெய் ஸ்நானம் முடிந்து எல்லோரும் கூடத்தில். அக்கா தண்ணீரைக் கொட்டினாள். கோணல் இருக்கிறதா என்று பார்க்க ஜாடியைப் படுக்க வைத்துத் தரையில் உருட்டினாள். ஒரே சீராக உருண்டுபோய் அத்திம்பேர் காலடியில் நின்றது. பட்டை எங்கள் பக்கம். ஜாடி படுத்திருந்ததால் மூன்று கோடும் நெட்டுக்குத்தாக நின்றன.

அத்திம்பேர் குனிந்து பார்த்தார். "அம்புஜம், நாமம் நன்னாத்தானே இருக்கு" என்றார்.

இவர் இருமினார். நான் தரையைப் பார்த்தேன். அக்கா ஜாடியை நிமிர்த்தினாள், படுக்க வைத்தாள், மறுபடியும் நிமிர்த்தினாள்.

"ஊறுகாய் ஜாடியைப் படுக்கவா வைக்க முடியும்? நிமிந்து நிக்கறப்போ நாமம் தெரியணும். ஆவக்காய் போடறதுக்கு முன்னாடி அப்படி ஒண்ணு பண்ணிண்டு வா, பட்டு" என்றாள்.

வகுப்புக்குப் போ என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போய் இரண்டாம் தடவை லேகியம் தின்றேன்.

டிசம்பர் 21

புது ஜாடி பூச்சு முக்கித் தயாராக இருக்கிறது. பழமலையைக் கூப்பிட்டு, விபூதியைக் குழைத்து, இந்த முறை நெட்டுக்குத்தாகப் போட்டுக் கொடுங்கள் என்றேன். மனுஷர் சூளையைப் பார்த்தார், சிவன் கோயில் கோபுரம் இருக்கிற திசையைப் பார்த்தார்.

"என் கையால வராதுங்க மாமி" என்றார். மடியிலிருந்து விபூதிப் பையை அவிழ்த்து என் முன்னால் வைத்தார். "நீங்களே போட்டுக்குங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

திரும்பிக்கொண்டார். நான் பிறந்ததிலிருந்து விபூதியைத் தொட்டதில்லை. மூன்று விரலையும் நனைத்து, ஜாடியின் வயிற்றில் வைத்து, மேலே இழுத்தேன். கோடு கோணவில்லை.